மழைக்காலக் காய்ச்சல்: இன்று எத்தனையாவது நாள்?

வார்டு மருத்துவர்

நம்ம குமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை. இடவப்பாதியில், அதாவது ஜூன் வாக்கில், ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. இரண்டிலுமே காய்ச்சல் வார்டுக்கு வருகிற குறிப்புச் சீட்டு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: "பிளேட்லெட் குறைவு, டெங்கு கார்டு நெகட்டிவ், வைடால் 1:80, செஃப்ட்ரியாக்சோன் நான்கு நாள் போட்டாயிற்று, காய்ச்சல் இறங்கவில்லை." காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்பது மட்டும் அந்தச் சீட்டில் இருக்காது. எந்தக் குழாயில் ரத்தம் எடுப்பது, எந்தப் பரிசோதனையை நம்புவது என்பதை முடிவு செய்வதே அந்தத் தேதிதான்.

டெங்குவைக் கண்டறியும் என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள் நம்பத்தக்கது. ஏழாம் நாள் அது நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. டைஃபாய்டுக்கான வைடால் பரிசோதனையை ஒரே ஒரு தடவை பார்த்து 1:80 வந்தால் அதை வைத்து டைஃபாய்டு என்று எழுதக் கூடாது. பழைய தொற்றிலும், வேறு காய்ச்சல்களிலும் அந்த அளவு வரும். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆண்டிபயாடிக்குக்கு அசையாத காய்ச்சல் என்றால் முதலில் பூச்சிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸை நினைக்க வேண்டும். அதன் கிருமியான ஓரியன்ஷியா சுத்சுகமுஷி உயிரணுவுக்குள்ளேயே வாழ்வது. பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் எவ்வளவு கொடுத்தாலும் அதைத் தொடாது.

மேசைமேல் இருக்கிற சாதாரண ரத்த அறிக்கையே பாதி வழி காட்டும். எலிக்காய்ச்சலில் மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் வெகுவாக ஏறியிருக்கும், கல்லீரல் நொதிகள் பெரும்பாலும் 200-ஐத் தாண்டாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறும். ஆனால் சிறுநீரகம் கெட்டிருக்கும்போதும் பொட்டாசியம் குறைந்தே இருக்கலாம். தசை பாதிப்பைக் காட்டும் சிபிகே கூடியிருக்கும், கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே நோயாளி காலை இழுப்பார். ஸ்க்ரப் டைஃபஸில் நொதிகள் ஏறும், ஆல்புமின் இறங்கும், மஞ்சள் காமாலை அவ்வளவாக இருக்காது. மூச்சு வாங்குவதுதான் இதில் முந்திக்கொண்டு வருகிற ஆபத்து. மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல் போனால் அவரைப் புறநோயாளி வரிசையில் உட்கார வைக்கக் கூடாது.

மலையோரச் செவிலியர்

டாக்டர் சொன்னதோடு உடம்பைப் பார்க்கிற வேலையையும் சேர்த்துக்கொள்ளணும். ஸ்க்ரப் டைஃபஸைப் பத்திரிகையில் 'உண்ணிக்காய்ச்சல்' என்று எழுதுகிறதால் எல்லாரும் மாட்டு உண்ணியைத் தேடுகிறார்கள். கடிப்பது உண்ணி இல்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் குஞ்சு அது, புதரிலும் ஈரப் புல்லிலும் இருக்கும். பேச்சிப்பாறை, கீரிப்பாறை, குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு, மரத்தடிக் காடு வெட்டாமல் கிடந்தால் கடி சுலபம். கடிக்கும்போது வலிக்காது, அரிக்காது. அதனால் "ஏதாவது கடிச்சுதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். கேள்வியோடு நிற்காமல் பார்க்கணும்.

பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாகச் சொல்கிறேன்: காதுக்குப் பின்னால், கழுத்து, அக்குள், மார்புக்குக் கீழ் மடிப்பு, தொப்புள், கைலியும் பாவாடை நாடாவும் இறுக்குகிற இடுப்புக் கோடு, தொடை இடுக்கு, விதைப்பை, பிட்டம், முட்டிக்குப் பின்புறம். துணி இறுக்குகிற இடத்தில் பூச்சி நின்றுவிடும், கடியும் அங்கேதான் இருக்கும். பெண்களுக்குத் திரை போட்டு செவிலியர் பார்க்கணும். சட்டைக்கு மேலே ஸ்டெதஸ்கோப் வைத்துவிட்டு 'புண் இல்லை' என்று எழுதுவது அந்த நோயாளிக்குச் செய்கிற அநியாயம்.

புண் எப்படி இருக்கும் என்பதிலும் தவறுகிறோம். புத்தகப் படத்தில் கறுத்த பொருக்கு, சுற்றிச் சிவந்த வளையம், சிகரெட் சுட்டது போல. நம்ம நிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. வியர்வை தங்குகிற மடிப்பில் பொருக்கும் கட்டாது, மஞ்சள் அடிப்பகுதியோடு ஆழமில்லாத சின்னப் புண்ணாக இருக்கும். சேற்றுப்புண் என்று விட்டுவிடுவார்கள். பக்கத்தில் நெறி கட்டியிருந்தால் அந்த இடத்தை மறுபடியும் டார்ச் அடித்துப் பாருங்கள். புண் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. பலருக்குப் புண் இருக்கவே இருக்காது.

நுண்ணுயிரியல் மேசை

சிஸ்டர், பொருக்கு கிடைத்தால் அதைக் கழுவித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிருமிநீக்கிய இடுக்கியால் மெதுவாக எடுத்தால் வலிக்காமல் வரும். மருந்து சேர்க்காத உலர்ந்த குழாயில் போட்டு அனுப்பினால் போதும். ஆண்டிபயாடிக் தொடங்கிய பிறகும்கூட பொருக்கில் பிசிஆர், அதாவது கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பரிசோதனை, பாசிட்டிவ் வரும். ரத்தத்தில் அந்த வாய்ப்பு சீக்கிரம் போய்விடும்.

நாள் கணக்கு இதுதான். முதல் வாரத்தில் கிருமியின் மரபுப்பொருளைத் தேட வேண்டும்: ஈடிடிஏ குழாயில், அதாவது ஊதா மூடி, முழு ரத்தம் 3 முதல் 5 மில்லி, பிசிஆருக்கு. பச்சை மூடிக் குழாயில் அனுப்பாதீர்கள். ஹெப்பாரின் பிசிஆரைக் கெடுத்துவிடும். ஐந்து முதல் ஏழு நாள் கடந்த பிறகுதான், ரத்தத்தில் எதிர்ப்புப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலைசா பேசத் தொடங்கும். அதற்குச் சிவப்பு மூடிக் குழாய். மூன்றாம் நாளில் எடுத்த ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் அது எதையும் சொல்லவில்லை என்றுதான் பொருள். அறிக்கையில் 'நோய் இல்லை' என்று வாசிக்கிறார்கள், அதனால்தான் மருந்து நிற்கிறது. ஸ்க்ரப் ஐஜிஎம் எலைசாவுக்கு நம் நாட்டில் 0.5 ஒளி அடர்த்தியை எல்லையாக வைப்பது வழக்கம். 0.52-க்கும் 2.5-க்கும் ஒரே 'பாசிட்டிவ்' என்று எழுதாமல் எண்ணையும் கொடுத்தால் மருத்துவருக்கு உதவும். வெயில்-ஃபீலிக்ஸ் ஓஎக்ஸ்கே என்ற பழைய ரத்தப் பரிசோதனை மட்டும் இருக்கிற இடத்தில் அதன் நெகட்டிவை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது, பல நோயாளிகளை அது தவறவிடும்.

அட்டைப் பரிசோதனையில் நடக்கிற தவறு பெரும்பாலும் கடிகாரத் தவறு. உறையில் 15 நிமிடம் என்று போட்டிருந்தால் 15 நிமிடத்தில் வாசிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்க்கும்போது தெரிகிற மங்கல் கோடு கணக்கில்லை.

எலிக்காய்ச்சல் ஐஜிஎம் சில மாதங்கள் ரத்தத்தில் தங்கும். பறக்கை, தேரூர், தாழக்குடி வயல்களில் சேற்றில் நிற்கிறவர்களுக்குப் போன பூவில், அதாவது போன சாகுபடியில், வந்த தொற்றின் மிச்சமாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டாவது ரத்தம் தேவை. முதல் ரத்தம் எடுத்து 10 முதல் 14 நாள் கழித்து எடுத்து, எதிர்ப்புப்பொருளை அளக்கும் எம்ஏடி பரிசோதனையில் நான்கு மடங்கு ஏறியிருந்தால் அது இப்போதைய தொற்று. எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவை வளர்ப்புக்குப் போட்டால் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். சிகிச்சைக்கு அது உதவாது.

ரத்த வளர்ப்பு பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில்தான் அதிகம் வீணாகிறது. டைஃபாய்டில் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரே ஒரு உயிருள்ள கிருமிதான் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. 3 மில்லி எடுத்து அனுப்பினால் வலையைக் குளத்து ஓரத்தில் மட்டும் போட்டது போல. பெரியவர்களுக்கு ஒரு குப்பிக்கு 8 முதல் 10 மில்லி, இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி இரண்டு தொகுதி, முதல் டோஸ் ஆண்டிபயாடிக்குக்கு முன்னால். குப்பியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் ரப்பர் அடைப்பு சுத்தமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து உலர விட வேண்டும். தோலுக்கு 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹால், 30 விநாடி தேய்த்து, முழுக்க உலர்ந்த பிறகே ஊசி. துடைத்த இடத்தை மறுபடியும் விரலால் தொட்டு நரம்பைத் தேடுவதால்தான் தோலில் இருக்கிற ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி குப்பிக்குள் போகிறது. இரண்டில் ஒரு தொகுதியில் மட்டும் கோஆகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃபைலோகாக்கஸ் வளர்ந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். வான்கோமைசின் தொடங்குமுன் எங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். குப்பியைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்புங்கள். பத்துகாணி, கடையல் பக்கமிருந்து பேருந்தில் வருகிற சீரத்துக்குத்தான் ஐஸ். ரத்தம் உறைந்த பிறகு சீரத்தைப் பிரித்து அனுப்ப வேண்டும். பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைத்து மலைச் சாலையில் குலுக்கிக் கொண்டுவந்தால் சிவப்பணு உடைந்துதான் வந்து சேரும்.

ஆய்வுக் களப்பணியாளர்

காய்ச்சல் தொடங்கிய தேதியை வாங்குவதுதான் ஆய்விலும் கஷ்டமான வேலை. "நாலஞ்சு நாளா இருக்கு மக்கா" என்பதை 5 என்று படிவத்தில் எழுதினால் பரிசோதனை முடிவு முழுவதும் ஆட்டம் காணும். தேதியைக் கேட்காமல் நிகழ்வைக் கேட்க வேண்டும். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்கு முன்னா பின்னா? ஞாயிறு ஆராதனைக்கு நடந்து போனீர்களா, படுத்திருந்தீர்களா? கடைசியாகப் பால் வெட்டப் போனது எந்த நாள்? நடமாட முடியாமல் போன நாளைத்தான் பலர் காய்ச்சலின் முதல் நாளாகச் சொல்வார்கள். குளிரும் உடம்புவலியும் அதற்கு இரண்டு நாள் முன்பே இருந்திருக்கும்.

இரண்டாவது கேள்வி, மருந்துக்கடையில் என்ன வாங்கினார்கள் என்பது. மாத்திரைப் பெயர் நினைவிருக்காது. வெட்டிய அட்டை மடியிலோ பையிலோ இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று நாள் அஜித்ரோமைசின் சாப்பிட்டவருடைய ரத்த வளர்ப்பு நெகட்டிவ் வந்தால் அதற்கு வேறு பொருள். இரண்டாவது ரத்தத்துக்கு ஆள் திரும்பி வராததுதான் மூன்றாவது பிரச்சினை. காய்ச்சல் விட்டவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரமாட்டார். நாம்தான் வீட்டுக்குப் போக வேண்டும், பால் வெட்டி முடித்துத் திரும்பிய பிறகு.

வார்டு மருத்துவர்

பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2015 வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. பெரியவருக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் இரண்டு வேளை, ஏழு நாள். ஸ்க்ரப் டைஃபஸ் என்றால் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்க வேண்டும். 72 மணி நேரம் கடந்தும் எரிந்துகொண்டிருந்தால் மருந்தை மாற்றுவதற்கு முன் நோயைச் சந்தேகியுங்கள். கர்ப்பிணிக்கு அஜித்ரோமைசின்.

தீவிர ஸ்க்ரப் டைஃபஸுக்கு வேலூர் சிஎம்சி முன்னின்று இந்தியாவின் பல மையங்களில் நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. 794 நோயாளிகள், மூன்று குழு: நரம்புவழி டாக்சிசைக்ளின், நரம்புவழி அஜித்ரோமைசின், இரண்டும் சேர்த்து. இறப்பு, ஏழாம் நாளிலும் தொடரும் சிக்கல், ஐந்தாம் நாளிலும் தொடரும் காய்ச்சல் இவற்றைச் சேர்த்துப் பார்த்ததில் இரண்டும் வாங்கியவர்களில் 33 சதவீதம், தனித்தனியாக வாங்கியவர்களில் 47, 48 சதவீதம். இறப்பை மட்டும் பிரித்துப் பார்த்தால் தெளிவான வித்தியாசம் இல்லை. இதைச் சேர்த்துச் சொல்லாமல் 'இரண்டு மருந்து உயிரைக் காக்கும்' என்று பேசுவது சரியாகாது. மூச்சுத்திணறலோ ரத்த அழுத்த வீழ்ச்சியோ இருப்பவருக்கு இரண்டும், நடந்து வருகிறவருக்கு ஒன்று போதும் என்பது என் கருத்து.

எலிக்காய்ச்சலுக்கு பென்சிலின் ஜி 15 லட்சம் யூனிட் ஆறு மணிக்கொரு தடவையா, செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம் தினம் ஒரு தடவையா? தாய்லாந்தில் 173 பேரிடம் ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்டார்கள். இரண்டிலும் காய்ச்சல் இறங்க எடுத்த நாளின் இடைநிலை மூன்று. ராத்திரி இரண்டு மணி ஊசி தவறிப்போகிற வார்டில் தினம் ஒரு ஊசியே மேல். எந்த நோய் என்று பிரிக்க முடியாதபோது செஃப்ட்ரியாக்சோனோடு டாக்சிசைக்ளினைச் சேர்த்துவிடுங்கள். எலிக்காய்ச்சலில் முதல் டோஸுக்குப் பிறகு சில மணி நேரத்தில் குளிர், அழுத்தச் சரிவு வந்தால் அது மருந்து ஒவ்வாமை என்று நிறுத்திவிடாதீர்கள். செத்த கிருமி வெளிவிடும் பொருளால் வருவது அது.

சலைனைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாதீர்கள். ஸ்க்ரப் டைஃபஸில் நுண்குழாய்கள் கசியும். ஏற்றிய தண்ணீர் நுரையீரலில்தான் தங்கும். ஒவ்வொரு 500 மில்லிக்குப் பிறகும் மூச்சு எண்ணிக்கையும் ஆக்சிஜன் அளவும் எழுதுங்கள்.

மருந்தாளுநர்

டாக்சிசைக்ளினைக் கொடுக்கும்போது நான்கு வரி சொல்ல நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பால், இரும்புச்சத்து, கால்சியம், அமில எதிர்ப்பு மருந்து ஆகியவற்றோடு சேராது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வெயிலில் தோல் சட்டென்று பொசுங்கும். கடலுக்குப் போகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லணும். குழந்தைகளுக்குப் பல்லில் கறை படியும் என்ற பயத்தால் மறுக்கிறார்கள். எடைக்கேற்ற அளவில் ஒரு வாரம் கொடுப்பதில் அந்தப் பயம் வேண்டியதில்லை, ஸ்க்ரப் டைஃபஸ்தான் பயப்பட வேண்டியது.

நுண்ணுயிரியல் மேசை

இன்னொன்றை விட்டுவிட்டேன். சர்க்கரை நோயாளி, மழைக்காலம், நிமோனியா அல்லது கல்லீரல், மண்ணீரலில் சீழ்க்கட்டி. ரத்த வளர்ப்பில் ஆக்சிடேஸ் பாசிட்டிவ் கிராம் நெகட்டிவ் தண்டு. 'சூடோமோனாஸ் இனம்' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். ஜென்டாமைசின், கொலிஸ்டின் இரண்டுக்கும் எதிர்ப்பு, ஆனால் கோ-அமாக்சிக்ளாவுக்குப் பணிகிறது என்றால், மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் என்று நினைத்து வளர்ப்புத் தட்டை 72 மணி நேரம் வரை வைத்துப் பாருங்கள், சுருங்கிய காலனி தெரியும். தட்டை மூக்கருகே கொண்டுபோய் முகரக் கூடாது, பாதுகாப்புப் பெட்டிக்குள் வேலை செய்யுங்கள். இதற்கு செஃப்ட்ரியாக்சோன் போதாது. செஃப்டாசிடைம் 2 கிராம் எட்டு அல்லது ஆறு மணிக்கொரு தடவை, குறைந்தது இரண்டு வாரம். பிறகு கோட்ரைமாக்சசோல் மூன்று மாதம், இடையிடையே பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்து. தாய்லாந்தில் 1989-இல் வெளிவந்த ஆய்வில் செஃப்டாசிடைம் கொடுத்ததில் தீவிர நோயாளிகளின் இறப்பு 74-இலிருந்து 37 சதவீதமாகப் பாதியானது. கிருமியின் பெயரைச் சரியாக எழுதியிருந்தால்தான் அந்த மருந்து நோயாளிக்குக் கிடைக்கும்.

மலையோரச் செவிலியர்

வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் 200 மி.கி. கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள்.

வார்டு மருத்துவர்

பனாமாவில் அமெரிக்கப் படைவீரர்களிடம் செய்து 1984-இல் வெளியிட்ட ஆய்வு அது. மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கு, எடுக்காதவர்களில் இருபது பேருக்கு எலிக்காய்ச்சல் வந்தது. ஆனால் அவர்கள் காட்டில் மூன்று வாரம் மட்டுமே இருந்தவர்கள். இங்கே ஆண்டில் பல மாதம் சேற்றில் நிற்கிறவருக்கு அதை அப்படியே நீட்ட முடியாது. வெள்ளம் வடிந்தபின் துப்புரவுப் பணிக்கு இறங்குகிறவர்களுக்குச் சில வாரம், மருத்துவர் எழுதிக்கொடுத்து. மற்றவர்களுக்குக் காலில் வெடிப்பு, வெட்டு இருந்தால் நீர்புகாத கட்டுப் போட்டு, கிடைத்தால் முழங்கால் வரை ரப்பர் காலணி. காய்ச்சல் வந்தால் அன்றைய தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கச் சொல்லுங்கள், வரும்போது தாளைக் கிழித்துக் கொண்டுவரட்டும்.