லித்தியம் பேட்டரிக்கு மாற்றிய நீரடி ஸ்கூட்டர்: ஈயம் எவ்வளவு, எங்கே?

திமில்07:
தண்ணிக்கடியில மோட்டார் விசிறியால முக்குளிப்பவரைக் கயிறு போட்டு இழுத்துட்டுப் போற வகை ஸ்கூட்டர். எடை 27 கிலோ, நல்ல தண்ணியில மிதக்காம மூழ்காம நின்னுச்சு. உள்ளே இருந்த 8.4 கிலோ லெட்-ஆசிட் பேட்டரியை எடுத்துட்டு 2.9 கிலோ லித்தியம் பேக் போட்டாச்சு. இப்போ நீச்சல்குளத்துல மூக்கைத் தூக்கிட்டு மிதக்குது. என் வெயிட் பெல்ட்ல (இடுப்புல ஈயம் கோத்துக் கட்டுற பட்டை) 5 கிலோ கூடுதலா மாட்டிச் சமாளிக்கலாமா? அடுத்து புதுச்சேரி கடல்ல இறக்கணும்.

ஈயக்குண்டு:
பெல்ட்டில் மாட்டாதீங்க. ஸ்கூட்டரைக் கைவிட்ட நொடியில் நீங்க நாலரை கிலோ கனமா கீழே போவீங்க, அது மேலே போகும். மூக்கு தூக்கலும் அப்படியே இருக்கும். ஸ்கூட்டர் இல்லாமலே உங்க மிதப்பு சரியா இருக்கணும், ஸ்கூட்டரும் தனியா சரியா இருக்கணும். ஒன்றின் குறையை மற்றதில் அடைக்கக் கூடாது.

ஸ்கூட்டர் கூட்டின் வெளியளவு மாறலை, அதனால அது தள்ளும் தண்ணியும் மாறலை. மறுபடி 27 கிலோ ஆனால்தான் பழையபடி நிற்கும். ஆக 5.5 கிலோ ஈயம். அரை லிட்டர் இடம்கூடப் பிடிக்காது, ஆனா எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயம். எடையை மூக்கிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கினா வர்ற எண் பழையபடி இருந்தாத்தான் கூடு சாயாது. பழைய பேட்டரியின் நடு, மூக்கிலிருந்து 20 செ.மீ. என்று வைங்க: 8.4 × 20 = 168. புது பேக்கின் நடு 14 செ.மீ.-ல் இருந்தா 2.9 × 14 = 40.6. மிச்சம் 127.4, அதை 5.5-ஆல் வகுத்தா 23 செ.மீ. ஈயத்தின் நடு அங்கே வரணும். உங்க கூட்டில் அளந்து எண்களை மாத்திக்கங்க. மூக்கு தூக்குதே என்று எல்லா ஈயத்தையும் முனையில் திணிச்சா இப்போ தலைகுப்புறக் கவிழும்.

ஈயம் கூட்டின் அடிப்பக்கமா இருக்கட்டும். விசிறி ஒரு பக்கம் சுத்தும்போது கூடு எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும். அடிக்கனம்தான் அதைப் பிடிச்சு நிறுத்தும்.

பலரும் தவற விடுற இடம் ஒண்ணு இருக்கு. சோதனைக்கு ரப்பர் பட்டையால வெளியே ஈயம் கட்டிப் பார்ப்போம். 1 கிலோ ஈயம் வெளியே இருந்தா தானும் 88 மில்லி தண்ணியைத் தள்ளுது, அதனால 912 கிராம்தான் இழுக்கும். கூட்டுக்குள்ளே போனா முழு 1 கிலோ. வெளியே 2 கிலோவில் சரியா நின்னா உள்ளே 1.82 போதும். விசிறி வளையத்தில் சிக்கிய காற்றை ஸ்கூட்டரைப் புரட்டி வெளியேத்தின பிறகு பாருங்க.

கட்டிகளை வெல்க்ரோவில் மட்டும் நம்பி விடாதீங்க. படகிலிருந்து மூக்கு கீழாக இறக்கும்போது சரிஞ்சு, கூர்முனை பேக்கின் உறையைக் கிழிச்சா ஷார்ட் ஆகும். முனைகளை அரத்தால் ராவி, டேப் சுற்றி, ஃபோம் வெச்சு இறுக்குங்க.

கரைவலை:
குளத்தில் சரியாக நிற்பது கடலில் நிற்காது. கடல்நீர் அடர்த்தி 1.025 என்பது வழக்கமான கணக்கு; அப்படியானால் 27 கிலோவுக்கு 675 கிராம் கூடுதல் மிதப்பு. ஆனால் வங்கக்கடலின் மேல்நீர் சூடு, உப்பும் குறைவு. 1.020-க்குப் பக்கத்தில் இருந்தால் 540 கிராம்தான். பருவமழை முடிந்து ஆற்றுநீர் கலக்கும் காலத்தில் இன்னும் குறையும். 200, 100 கிராம் கட்டிகளாக மொத்தம் 700 கிராம் எடுத்துப்போய், முதல் முழுக்கில் 3 மீட்டரில் கைவிட்டுப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஆழமான சரிவுகளில் 100 கிராம் மிதப்பு மீதமிருப்பதே நல்லது என்பேன்.

ஈயக்குண்டு:
அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. புகைப்படம் எடுக்க நிறுத்தும்போது லேசா கனமா இருந்தா மணலில் உட்காரும். மிதக்கிறது தலைக்கு மேல ஆடிக்கிட்டே இருக்கும்.

திமில்07:
நன்றி. இழுகயிறு நீளம் எப்படி வைக்கிறது? கொஞ்ச நேரத்துல கை வலிக்குது.

கரைவலை:
கை வலித்தால் கயிறு நீளம் என்று அர்த்தம். இழுவை கையில் விழுகிறது. கயிறு கால்கவைப் பட்டியின் (கால்களுக்கிடையே போகும் பட்டி) டி-ரிங் எனும் உலோக வளையத்தில் மாட்டியிருக்க, முழங்கை லேசாக மடிந்து, விரல் மோட்டாரை ஓட்டும் விசையை எட்ட வேண்டும். முழு இழுவையும் இடுப்பில், கை திசைதிருப்ப மட்டும். ரொம்பக் குட்டையானால் விசிறி தள்ளும் நீர் நெஞ்சில் அடித்து வேகத்தைத் தின்றுவிடும். அந்த நீர் வயிற்றுக்குக் கீழே ஓட வேண்டும். 3 செ.மீ. மாற்றமே தெரியும், முடிச்சுப் போட்டுப் பாருங்கள்.

மேலேறும்போது மோட்டாரை அணைத்துவிட்டு ஏறுங்கள். பத்திரமாக மேலேற உள்ள நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தை ஸ்கூட்டர் சில நொடியில் தாண்டும். தங்கூசியும் (நைலான் மீன்பிடி இழை) கிழிந்த வலையும் கிடக்கும் இடத்தில் விசையை விட்டுவிட்டு நீந்திப் போங்கள்.

ஈயக்குண்டு:
கூட்டை மூடுறதுக்கு முன்னாடி ஓ-ரிங்கில் (தண்ணி புகாம அடைக்கிற ரப்பர் வளையம்) ஒரு மயிரிழை, மணல் இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. சிலிக்கான் கிரீஸ் பளபளப்புக்கு மட்டும் போதும். அப்பினா மணல்தான் ஒட்டும். தண்ணி புகுந்தா உள்ளே இருந்த காற்றின் அளவுக்குக் கனம் ஏறும், 10 லிட்டர் காற்றுன்னா 10 கிலோ. பிசிடியில் (காற்றடிச்சு மிதப்பைச் சரிசெய்யும் முக்குளிப்புச் சட்டை) காற்றடிச்சுத் தூக்கப் பார்க்காம இழுகயிற்றுக் கொக்கியைக் கழட்டி விட்டுடுங்க. மீட்டு வந்தாலும் உடனே மூடியைத் திறக்க முகத்தை நீட்டாதீங்க: உப்புநீரும் பேட்டரியும் சேர்ந்து வாயு உண்டாகும், அழுத்தத்தில் மூடி தெறிக்கும். படகில் ஆளில்லாத திறந்த பக்கமா வைங்க.