கொற்கைப் பக்கம் தாமிரபரணி ஓடிய பழைய தடம்: தகவல் வேண்டும்

நண்பர்களே, தாமிரபரணியின் வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனதில், பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அப்புறம் மார்க்கோ போலோ எழுதிய காயல். அதுவும் தூர்ந்து இப்போது பழையகாயல். துறை நகர நகர, அதை நம்பிப் பிழைத்தவர்களும் நகர்ந்தார்கள்.

எங்கள் ஆச்சி அந்தப் பக்கத்துக்காரர். கிணறு வெட்டினால் மண்வெட்டியில் சிப்பிதான் வரும் என்பார். அதைக் கேட்டே வளர்ந்தேன், எழுதிவைக்க ஆசை. கால்டுவெல் பாதிரியார் கொற்கையில் தோண்டிய விவரம் கிடைத்துவிட்டது. ஊர்க்காரர்களின் நினைவுதான் வேண்டும்: ஆறு முன்பு ஓடிய பள்ளம் எது? துறை, ஓடை என்று முடியும் வயல் பெயர்கள் என்னென்ன? பழைய புலப்படம் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொன்னாலும் போதும்.