வடக்கன்குளம் கோவிலுக்கு ஏன் இரண்டு கால்?

காற்றாடிக்காடு:
போன வாரம் நாகர்கோவிலில் இருந்து திரும்பும்போது காவல்கிணறு பக்கம் வண்டியைத் திருப்பி வடக்கன்குளம் திருக்குடும்பக் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போனேன். புனிதர் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் வாங்கிய ஊர் என்று கேள்விப்பட்டதுதான் காரணம். மத்தியானம், பூசை எதுவும் இல்லை, ஆள் நடமாட்டமே இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ யாரோ இருமும் சத்தம். சுற்றிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. கொஞ்சம் பயந்தே போய் எழுந்து பீடம் வரை நடந்தேன், அப்புறம்தான் விஷயம் தெரிந்தது: அந்தப் பக்கம் இதே மாதிரி இன்னொரு நீளக் கூடம், அதன் மூலையில் ஒரு பாட்டி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறார்!

இரண்டு கூடமும் தனித்தனி வாசலில் தொடங்கி, சாய்வாக வந்து ஒரே பீடத்தில் சேர்கின்றன, ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி. நம் பக்கத்துப் பழைய கோவில்கள் நேர்க்கூடமாக இருக்கும், இல்லையென்றால் சிலுவை வடிவில் இருக்கும், இந்த மாதிரி நான் எங்கும் பார்த்ததில்லை. வெளியே டீக்கடையில் கேட்டால் “அந்தக் காலத்துல கூட்டம் ஜாஸ்தி, அதான்” என்றார். கூட்டம் ஜாஸ்தி என்றால் கூடத்தை அகலமாக அல்லவா கட்டியிருப்பார்கள்? யாருக்காவது தெரியுமா?

பணகுடி பழசு:
டீக்கடைக்காரர் வெளியூர் ஆளிடம் எதற்கு வம்பு என்று நாசூக்காகச் சொல்லி அனுப்பியிருக்கிறார் அண்ணாச்சி. அதற்குக் கால்சட்டைக் கோவில் என்றே பட்டப்பெயர் உண்டு. ஒரு காலில் வெள்ளாளர், இன்னொரு காலில் நாடார். 1872இல் சேசு சபைச் சாமியார்கள் கட்டியது.

இரண்டு சாதிக்கும் சேர்ந்து உட்கார்வதில் தகராறு. நாடார்களோடு ஒரே கூடத்தில் இருக்க மாட்டோம் என்று வெள்ளாளர்கள், எங்களை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும் என்று நாடார்கள். சாமியார்களுக்கு ஒரு பக்கத்தை விட்டுக்கொடுத்தால் அந்தப் பக்கம் மொத்தமும் போய்விடுமோ என்ற பயம். திருநெல்வேலிச் சீமையில் அப்போது சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டண்ட்) மிஷன்களும் மும்முரமாக இருந்த காலம், கோபித்துக்கொண்டு போகிறவனுக்குப் போக இடம் இருந்தது. அதனால் சண்டையை அப்படியே வரைபடமாகப் போட்டுக் கட்டிவிட்டார்கள். பூசை வைக்கிற சாமியாரை இரண்டு பக்கமும் பார்க்கலாம், ஆனால் ஒரு பக்கத்து ஆளை மறு பக்கத்து ஆள் பார்க்க முடியாது. நீங்கள் பாட்டியைத் தேடினீர்களே, அது கட்டடத்தின் குறை இல்லை, அதற்காகவேதான் கட்டினார்கள்.

நியாயமாகச் சொன்னால், கொத்தனார் வேலையாக இது கெட்டிக்காரத்தனம்தான். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

இரண்டு காலுக்கும் நடுவில் இருந்த தடுப்புச் சுவரை 1910இல் இடித்தார்கள். அப்போது அங்கே இருந்தவர் கௌசானல் சாமி, பாளையங்கோட்டையில் இயேசுவின் திருஇருதய சகோதரர்கள் சபையைத் தொடங்கினாரே, அவரேதான். இடித்ததும் வெள்ளாளர் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. தூத்துக்குடி மறைமாவட்டம் 1923இல்தான் உண்டானது, அதற்கு முன் இந்த ஊர் திருச்சி ஆயருக்குக் கீழே இருந்ததால் வழக்கும் அந்த ஆயர் மேல்தான். சென்னை உயர் நீதிமன்றம் வரை இழுத்தும், கோவிலுக்குள் சாதிப்படி தனி இடம் கேட்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வழக்கின் பெயர் ‘மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த்’. அந்தப் பெயரில் முதல் இரண்டு வார்த்தையை மட்டும் படித்தாலே கதை விளங்கும்.

உப்பளத்துக் காற்று:
இந்தப் பழங்கதையை எல்லாம் இப்போது எதற்குக் கிளற வேண்டும்? தடுப்பு போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, எல்லோரும் ஒன்றாகத்தானே பூசை காண்கிறார்கள்.

பணகுடி பழசு:
கேட்டார், சொன்னேன். கோவில் அந்த வடிவத்திலேயே நிற்கும்போது நான் வாயை மூடினால் மட்டும் மறைந்துவிடுமா.

மூன்றாம் மணி:
என் சின்னம்மா மகள் கல்யாணம் அங்கேதான் நடந்தது, எனக்கு சாதிக் கதை எதுவும் அப்போது தெரியாது, ஆனால் அந்தக் கட்டடம் எங்களைப் படுத்திய பாடு இருக்கிறதே. பொண்ணு எந்த வாசல் வழியாக வருவாள் என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை, பாதிப் பேர் ஒரு காலில் திரும்பி நின்று காத்திருக்க, அவள் மறு கால் வழியாக வந்து பீடத்தடியில் நிற்கிறாள், எங்கள் பெரியப்பா இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வீடியோக்காரப் பையன் நடுவில் நின்று எடுக்கலாம் என்றால் நடு என்று ஒன்று பீடத்துக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. பூசை முடிவதற்குள் அந்தக் காலுக்கும் இந்தக் காலுக்கும் ஏழெட்டுத் தடவை ஓடியிருப்பான். ஆல்பத்தில் பாதிச் சொந்தம் இல்லை, இன்றைக்கும் அதற்கு வருத்தம் உண்டு.

அப்புறம் ஒன்று கவனித்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் முன்வரிசைக்கு நெருக்கி வந்துவிட்டார்கள். முன்னால் வந்தால்தான் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரிகிறது.

பழைய ஏடு:
கேள்வி கேட்டவருக்கு இரண்டு திருத்தம்.

ஒன்று, தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றது வடக்கன்குளத்தில்தான், 1745 மே 14, கொடுத்தவர் புத்தாரி சாமி. ஆனால் நீங்கள் உட்கார்ந்திருந்த கட்டடம் அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் கழித்து வந்தது.

இரண்டு, ‘பிள்ளை’யை விட்டுவிடுங்கள். 2012இல் முத்திப்பேறு பெற்றவர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) ஆக்கியபோது அந்த ஒட்டு இருந்தது. சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியவருக்குச் சாதிப் பெயர் எதற்கு என்று மனு போட்டார்கள், 2020இல் வத்திக்கான் எடுத்துவிட்டது. 2022 மே 15 புனிதர் பட்டத்தில் வெறும் தேவசகாயம்தான். ஆக, அவர் ஞானஸ்நானம் வாங்கிய அதே ஊரில் சுவர் வைத்துக் கட்டி, இடித்து, கோர்ட்டுக்கு அலைந்து, கடைசியில் அவர் பெயரில் ஒட்டியிருந்ததும் கழன்று விழ 2020 ஆகியிருக்கிறது.

வடக்கன்குளம் மட்டும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை எடுத்துப் பாருங்கள். காரைக்கால் கோவிலில் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்திருந்த சுவரை அங்குள்ள பாதிரியார் இடித்தார், அதைக் கேட்டுப் புதுச்சேரியில் இருந்தவர்களும் போய் எங்களுக்கு மட்டும் சுவர் எதற்கு என்று பெரிய பாதிரியாரிடம் நியாயம் கேட்க, அதையும் இடிக்கச் சொன்னார். அதுவும் 1745தான். அங்கே சுவரை இடித்து 127 வருஷம் கழித்து இங்கே இரண்டு கால் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்!

காற்றாடிக்காடு:
பெயரைத் திருத்திக்கொள்கிறேன், நன்றி. இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம் பணகுடி அண்ணாச்சி, நான் உட்கார்ந்தது யாருடைய கால்? உள்ளே போகும்போது எனக்கு வலது பக்கம்.

பணகுடி பழசு:
தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். அடுத்த தடவை வந்தால் பாட்டி இருந்த பக்கம் போய் உட்காருங்கள், ஃபேன் அங்கேதான் நன்றாகச் சுற்றும்.