பிறந்தநாளுக்குப் பொம்மை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அக்காமாரே, தோழிகளே, ஒரு யோசனை வேண்டும். பெங்களூரு அல்சூரில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு. பாப்பாவுக்கு அடுத்த மாதம் முதல் பிறந்தநாள். வேண்டியதை மட்டும் வைத்து வாழலாம் என்று நானும் இவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். வீட்டைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்! கட்டிலுக்கு அடியில் முழுக்க பொம்மைதான். அமுக்கினால் சீனமோ என்னவோ ஒரு மொழியில் பாடும் யானை, சக்கரம் கழன்ற ரயில். அவள் விளையாடுவதோ இட்லித் தட்டோடும் கரண்டியோடும்.

உடைந்ததைத் தூக்கிப் போடுவதும் லேசில்லை. இங்கே ஈரக்குப்பைக்குப் பச்சைத் தொட்டி, டயப்பருக்குச் சிவப்பு, உலர்குப்பைக்குத் தனிப் பை. பேட்டரி பொம்மை இதில் எதிலும் சேராது, மின்கழிவில்தான் போக வேண்டும்.

சேலத்திலிருந்து வரும் அத்தைக்கு (மாமியார்) பேத்திக்கு வாங்குவதில்தான் சந்தோஷம். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும், அது எனக்குத் தாங்காது. பெங்களூருக்குப் பக்கத்தில் சென்னபட்டணம் என்ற ஊரில் வெப்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிச் செய்வார்களே, அந்தச் சொப்பு ஒரு செட் எல்லோரும் சேர்ந்து வாங்கச் சொல்லலாமா? கேட்டால் அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியுமோ?

யாராவது உறவில் மனக்கசப்பு வராமல் இதைச் சொல்லியிருந்தால், என்ன வார்த்தையில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். அப்புறம், நல்ல நிலையில் உள்ள பொம்மைகளை வாங்கிக்கொள்ளும் அங்கன்வாடி அல்சூர், இந்திராநகர் பக்கம் தெரிந்தால் சொல்லுங்கள். துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன், நானே கொண்டுவந்து தருகிறேன்.