வெள்ளம் வடிந்தபின் மக்களிடம் பேசப் பயிற்சி: போனவர்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மருத்துவ அலுவலர், மதுரை

2024 அக்டோபர் 25 மழையில் செல்லூர், நரிமேடு பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, அதற்குப் பிறகு எங்களுக்கு இந்தப் பயிற்சி நடந்தது. காலை முழுக்க ஸ்லைடுதான். 2001-ல் தபாலில் ஆந்த்ராக்ஸ் கிருமி அனுப்பிய சம்பவத்துக்குப் பிறகு, நெருக்கடியில் மக்களிடம் எப்படிப் பேசுவது என்று அமெரிக்காவில் உருவாக்கிய கையேடு, அதில் ஆறு விதிகள். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதியம்தான் விஷயமே. தண்ணீர் புகுந்த தெருக்களிலிருந்து மகளிர் குழு அக்காக்களைக் கூட்டி வந்து எதிரே உட்கார வைத்துவிட்டார்கள். சீனியர் ஒருவர் எழுந்து, "யாரும் பயப்பட வேண்டாம், நிலைமை கட்டுக்குள் இருக்கிறது" என்று ஆரம்பித்தார். ஒரு அக்கா சட்டென்று, "நான் பயந்தேன்னு எப்ப சார் சொன்னேன்? இந்த சம்ப்புத் தண்ணியில சோறாக்கலாமா கூடாதா, அதைச் சொல்லுங்க" என்றார். ஹாலே சிரித்தது. ஆனால் அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. 0.5 பிபிஎம் குளோரின் என்றால் அவருக்கு என்ன பயன்?

கடைசியில் தேறிய பதில்: "ஆக்கக் கூடாது. சம்ப்பை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் போடும்வரை லாரித் தண்ணீர்தான், அதையும் கொதிக்க வைத்துக் குடியுங்கள்." தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் குளோரோஸ்கோப்பை அங்கேயே எடுத்து, சொட்டு விட்டு மஞ்சள் நிறம் வருவதைக் காட்டினோம். அதன்பிறகு யாரும் எதிர்க் கேள்வி கேட்கவில்லை.

கிராம சுகாதார செவிலியர், சோழவந்தான் பக்கம்

டாக்டர் சார் சொன்னது சரி. எங்களுக்கு, எலி மூத்திரம் கலந்த வெள்ளத் தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல்தான் தலைவலி. சேற்றில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு அது வராமல் தடுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தால் வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டும். "அந்த மாத்திரை ஆகாது"ன்னு தெருவே நிறுத்திவிடும். இப்போது கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், வாரத்துக்கு ஒரு தடவைதான், மாசமா இருக்கிறவங்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் நீங்களாகக் கொடுக்காதீங்க.

இன்னொன்று. காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும், அதற்குள் தண்ணீரில் நின்றதையே மறந்துவிடுவார்கள். அதனால், "காய்ச்சல்னு எந்த டாக்டர்கிட்ட போனாலும், வெள்ளத் தண்ணியில நின்னேன்னு முதல்ல சொல்லணும்" என்று சொல்லிக் கொடுக்கிறோம். திருப்பிச் சொல்லவும் வைக்கிறோம். பயிற்சியில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது இதுதான்: நாம் சொன்னதை அவர்கள் வாயால் கேட்பது.

மருந்தாளுநர், மேலூர்

பயிற்சி சரி, பேச விடுவார்களா? ஒருமுறை எங்கள் ஊரில் வயிற்றுப்போக்கு பரவியபோது, மேலிடத்து ஒப்புதல் வரட்டும் என்று மக்களுக்கு அறிவிக்கும் வாசகத்தை மாலைவரை கையில் வைத்திருந்தோம். அதற்குள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி மூன்று தெரு தாண்டிவிட்டது. "எதனால் என்று இன்னும் தெரியவில்லை, தண்ணீர் மாதிரி எடுத்திருக்கிறோம், அதுவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள், ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்.ஸை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கலக்குங்கள்" என்று காலையிலேயே சொல்ல யார் அனுமதி வேண்டும்? டாக்டர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாது, கையெழுத்துப் போடுகிறவர்களையும் அந்த அக்காக்கள் முன்னால் உட்கார வைக்க வேண்டும்.

ஆட்டோ மைக்கில் சொல்லும்படி சுருக்கமாக எழுதிய வாசகம் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். எங்களுடையது ரொம்ப நீளம்.