காது மெஷின் போட்ட பிள்ளை என் வகுப்பில் இருக்கிறாள், நான் எப்படித் தயாராவது?

பென்னாகரம் டீச்சர் கேட்டது:

பென்னாகரம் பக்கம் மலையடிவார ஊர் ஒன்றில் ஈராசிரியர் பள்ளி. நான்காம், ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம். இந்த வருடம் நான்காம் வகுப்புக்கு ஒரு பெண் பிள்ளை வந்திருக்கிறாள். இரண்டு காதிலும் மெஷின். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார். நல்ல சுறுசுறுப்பு. போர்டில் கணக்கை எழுதிவிட்டால் மற்றவர்களுக்கு முன்னால் போட்டு முடித்துவிடுவாள். ஆனால் நான் வாயால் சொல்லும் பாடம் அவளிடம் போய்ச் சேருகிறதா என்றே தெரியவில்லை. "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுகிறாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் மெஷினைக் கழற்றிப் பைக்குள் போட்டால் அப்புறம் எடுப்பதில்லை.

ஆசிரியர் பட்டயப் படிப்பில் இதைப் பற்றி ஒரு பாடம் இருந்தது, பரீட்சைக்குப் படித்தோம். வேலைக்கு வந்தபின் போன பயிற்சியில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதில் வரும் 21 வகைக் குறைபாடுகள், உதவித்தொகை, அடையாள அட்டை எல்லாம் சொன்னார்கள். அதுவும் தேவைதான். திங்கட்கிழமை காலையில் தமிழ்ப் பாடத்தை இவளுக்கு எப்படி நடத்துவது என்பது மட்டும் வரவில்லை. வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருகிறார், அக்கறையானவர், ஆனால் அவருக்கு எத்தனையோ பள்ளிகள். மற்ற நாட்களில் நான்தானே இருக்கிறேன். எதைக் கற்றுக்கொள்வது, எங்கே தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி சிறப்புப் பயிற்றுநர்:

வணக்கம் டீச்சர். செவித்திறன் குறைபாட்டில் சிறப்பு பி.எட். முடித்துவிட்டு இதே வேலையில் இருப்பவள் நான். "திங்கட்கிழமை காலை" என்று கேட்டீர்கள் பாருங்கள், ஆசிரியர் பயிற்சி எல்லாமே அங்கேதான் தொடங்க வேண்டும் என்பேன்.

முதலில் மெஷினைப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் கழற்றுகிறாள் என்றால் அது பிடிவாதமாக இருக்காது. பிள்ளையின் காது வளரும், காதுக்குள் வைக்கும் மோல்டு வளராது. லூசாகிவிட்டால் சத்தம் வெளியே கசிந்து கீய்ங் என்று விசிலடிக்கும். மெல்லும்போது தாடை அசைவதால் இன்னும் அதிகம். போதாததற்கு எல்லாப் பிள்ளைகளின் தட்டுச் சத்தமும் பெரிதாகிக் காதில் விழும். நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்தால் கழற்றித்தான் வைப்போம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டி, புது மோல்டு தேவையா என்று கேளுங்கள்.

தினமும் காலையில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம், ஆறு ஒலிகள் போதும்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். லிங் சோதனை என்பார்கள். அவள் முன்னால் ஒரு கிண்ணம், கையில் கொஞ்சம் புளியங்கொட்டை. உங்கள் வாய் தெரியாதபடி ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, வழக்கமாகப் பேசும் குரலில் ஒவ்வொரு ஒலியாக, இடைவெளியை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். சத்தம் கேட்டதும் ஒரு கொட்டையைப் போட வேண்டும். ஒவ்வொரு காதாகப் பாருங்கள். ம், ஊ கீழ் ஸ்தாயி, ஷ், ஸ் மேல் ஸ்தாயி. எது எது கேட்கிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். நேற்றுக் கேட்ட ஒலி இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரியிலோ மோல்டிலோ காதிலோ ஏதோ சிக்கல். இதற்கு உங்கள் பயிற்றுநர் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் உங்கள் வாய். போர்டைப் பார்த்துத் திரும்பி எழுதிக்கொண்டே பேசினால் அவளுக்கு அந்த வரி போச்சு. ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றாலும் முகம் இருட்டாகத்தான் தெரியும். உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். கண்ணாடி முன்னால் சத்தமில்லாமல் "பாடு", "மாடு" என்று சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். அதனால் பாடத்தின் புதுச் சொற்களை முன்கூட்டியே போர்டில் எழுதிவிடுங்கள். "புரிஞ்சுதா" என்பதை விட்டுவிட்டு "இப்ப முதல்ல என்ன செய்யப் போற?" என்று கேளுங்கள். தலையாட்டித் தப்பிக்க முடியாது.

வீட்டில் பேசும் மொழியையும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. சொல் காதில் விழவில்லையா, தமிழ்ச் சொல்லே புதிதா என்று பிரித்துப் பார்க்காமல் பிள்ளையை "மந்தம்" என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு மனம் ஆறாத விஷயம் இது.

பயிற்சிகளில் காதில் பஞ்சு வைப்பது, கண்ணைக் கட்டி நடக்க வைப்பது என்று செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐயோ பாவம் என்ற எண்ணத்தோடுதான் ஆசிரியர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த நேரத்துக்கு ஆளுக்கொரு பாடப்புத்தகத்தைத் திறந்து, தன் வகுப்பில் இருக்கும் பிள்ளையை மனதில் வைத்து, நாளை நடத்தும் பக்கத்தில் அவள் எங்கே தடுமாறுவாள், அங்கே நான் எதை மாற்றுவேன் என்று எழுத வைக்கலாம். உங்கள் பயிற்றுநர் அடுத்த முறை வரும்போது பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்க விடாதீர்கள். உங்கள் பாடத்தின்போது வகுப்பில் உட்கார்ந்து கவனிக்கச் சொல்லுங்கள், பிறகு இருவருமாக அடுத்த பாடத்தைத் திட்டமிடுங்கள். கூச்சமே வேண்டாம். எல்லா நிலைகளிலும் ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி தர வேண்டும் என்று 2016 சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது. நீங்கள் கேட்பது சலுகையல்ல.

பாலக்கோடு அப்பா:

டீச்சர், என் பையனும் மெஷின் போடுகிறவன்தான். பாட்டியை ஒரு நாள் பள்ளிக்கு வரச் சொல்லி, பேட்டரி மாற்றுவதை அவர் கையாலேயே செய்ய வையுங்கள். பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப் பட்டு அது வேலை செய்ய ஆரம்பித்துவிடும், திரும்ப ஒட்டினாலும் நிற்காது. தேவைப்படும்போது மட்டும் உரிக்க வேண்டும், உரித்து ஒரு நிமிடம் விட்டுப் போட வேண்டும். ராத்திரி மெஷினின் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வைத்து மூடிவிடுங்கள், வேர்வை ஈரம் போய்விடும். பழைய பேட்டரியைச் சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

காவேரிப்பட்டணம் மாணவன்:

வணக்கம் மேடம். எனக்கும் செவித்திறன் குறைவு, இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறேன். பள்ளியில் என்னை எப்போதும் முதல் பெஞ்சில் நடுவில் உட்கார வைத்தார்கள். ஆசிரியர் முகம் நன்றாகத் தெரிந்தது. ஆனால் பின்னால் யார் பதில் சொன்னார்கள், எதற்கு எல்லோரும் சிரித்தார்கள் என்று ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் ஆசிரியரும் தெரிவார், பிள்ளைகளும் தெரிவார்கள். எந்த இடம் வசதி என்று அவளையே கேளுங்கள்.

இன்னொன்று. பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரமும் ஒரு மொழித்தாளில் விலக்கும் உண்டு. என் பள்ளியில் என்னைக் கேட்காமலே ஆங்கிலத்துக்கு விலக்கு வாங்கிவிட்டார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் இப்போது என் பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், ரொம்பக் கஷ்டப்படுகிறேன். அவளுக்கு அந்த வயது வரும்போது முடிவு அவளுடையதாக இருக்கட்டும். இப்போதே "டீச்சர், திரும்பிச் சொல்லுங்க" என்று கை தூக்கிக் கேட்கப் பழக்குங்கள். எனக்கு அது வர ரொம்ப வருடம் ஆனது.

பென்னாகரம் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை புளியங்கொட்டை வைத்துப் பார்த்தேன். வலது காதில் ஆறும் கேட்கிறது. இடது காதில் ஷ், ஸ் இரண்டுக்கும் கொட்டை விழவில்லை, அந்தப் பக்க மோல்டுதான் விசிலும் அடிக்கிறது. பாட்டியோடு தருமபுரி போகப் பேசிவிட்டேன். உட்கார இடம் கேட்டதற்குக் கதவோரத்தைக் காட்டினாள், அங்கேயிருந்து ஐந்தாம் வகுப்பும் தெரிகிறது. மேடம், பிள்ளைகள் அவளோடு சைகையில் பேச ஆசைப்படுகிறார்கள். முறையாகக் கற்றுக்கொள்ள எங்கே போவது?

கிருஷ்ணகிரி சிறப்புப் பயிற்றுநர்:

டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி வீடியோக்கள் யூடியூபில் இலவசமாகவே இருக்கின்றன டீச்சர். தண்ணீர், வீடு, நண்பர் என்று தினமும் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்குங்கள். அவளும் பாட்டியும் வீட்டில் தங்களுக்குள் சில சைகைகள் வைத்திருப்பார்கள், முதலில் அவற்றை அவளே வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். மோல்டு வந்ததும் ஷ், ஸ் மறுபடி பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.