மறுமொழி: ‘திணிப்படையாளம்’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> வெளியார் ஒரு மக்கள் கூட்டத்தின் மேல் சுமத்தும் அடையாளத்துக்குத் ‘திணிப்படையாளம்’ என்று வைத்துக்கொள்ளலாமே. பார்த்ததும் புரிகிறது.

புரிகிறது, சரி. ஆனால் நான் தமிழாக்கும் கட்டுரையில் பாதி இடங்களில் அது பொருந்த மறுக்கிறது. அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் சபை என்ற மதப் பிரிவின் நிறக் கோட்பாடு, ‘அமெரிக்க இந்தியர்’ எனப்படும் முதற்குடிகளை என்ன செய்தது என்பதுதான் கட்டுரை. விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லுக்கு வருவோம்.

சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1830-இல் வெளியிட்ட, அவர்களது வேதமான மோர்மன் நூலின்படி, கி.மு. 600 வாக்கில் லேகி என்பவரின் குடும்பம் எருசலேமை விட்டுக் கிளம்பி, கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்துக்கு வருகிறது. பிள்ளைகள் இரண்டாகப் பிரிகிறார்கள். கடவுளுக்கு அடங்காத லாமானின் வழியினர் சாபத்துக்கு ஆளாகி, அவர்கள் தோல் கறுத்தது என்கிறது நூல். அந்த லாமானியர்களின் வாரிசுகளே முதற்குடி மக்கள் என்று சபை தலைமுறை தலைமுறையாகப் போதித்தது. நவஹோ, ஹோப்பி, ஷோஷோனி என்று ஒவ்வொரு குடிக்கும் சொந்தமாகத் தோற்றக் கதை உண்டு; அத்தனையையும் ஓரங்கட்டிவிட்டு எல்லாரையும் ஒரே வம்சமாக்கி, மனம் திரும்பினால் வெள்ளையாவீர்கள் என்று வாக்குறுதியும் கொடுத்தார்கள்.

இது ஏட்டோடு நிற்கவில்லை. 1954-இல் முறையாகத் தொடங்கிய திட்டத்தில், ஞானஸ்நானம் பெற்ற முதற்குடிப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் வெள்ளையர் வீடுகளில் தங்கவைத்து வளர்த்தார்கள். பெரும்பாலும் நவஹோ பிள்ளைகள். அதை முன்னின்று வளர்த்த ஸ்பென்சர் கிம்பல், பின்னாளில் சபைத் தலைவரானவர், 1960 அக்டோபர் மாநாட்டில் மேடையேறி என்ன பேசினார் தெரியுமா? ஒரு கூட்டத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அப்பா அம்மாவுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாளாம். முதற்குடிகளுக்கென்று ஒதுக்கிய அதே நிலம், அதே குடில், அதே வெயில், அதே காற்று. ஆனாலும் பெற்றோரைவிட அவள் நிறம் பல படி வெளுத்திருந்ததாம். வெள்ளையர் வீடுகளில் வளரும் பிள்ளைகளும் ஊரிலுள்ள உடன்பிறந்தவர்களைவிட வெளுத்திருப்பதாகச் சொன்னார். ஒரு பிள்ளையின் தோலைப் பெற்றோரின் தோலோடு ஒப்பிட்டு, அதில் கடவுளின் அருளை அளந்திருக்கிறார்! இதை மொழிபெயர்க்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. இந்த இடத்துக்குத் ‘திணிப்பு’ மிகச் சரியான சொல்.

அந்தச் சொல் இடிப்பது கட்டுரையில் மெக்சிகோவைப் பற்றிய பகுதியில். மார்கரீத்தோ பௌத்திஸ்தா என்ற மெக்சிகோ மோர்மன், 1935-இல் ஒரு பெரிய நூலே எழுதினார். நாங்கள் லேகியின் ரத்தம், வாக்குறுதி எங்களுக்குத்தான், எங்களை வழிநடத்த வெள்ளை மிஷனரி எதற்கு என்பது அவர் வாதம். சபை அதை ஏற்கவில்லை. 1936-இல் மெக்சிகோக்காரர் ஒருவரைத் தங்கள் மிஷனின், அதாவது அங்குள்ள சபைப் பணியின், தலைவராக்கும்படி கேட்டு ஒரு பெரும் பிரிவினர் விலகிப் போனார்கள். பத்து ஆண்டு கழித்துத்தான் பெரும்பாலோர் திரும்பினார்கள். யாரோ கொடுத்த அதே வம்சாவளியைக் கையிலெடுத்து, கொடுத்தவர்களிடமே உரிமை கேட்டிருக்கிறார்கள். இதையும் ‘திணிப்படையாளம்’ என்று எழுதினால் அந்த மக்களின் செயலே கட்டுரையிலிருந்து காணாமல் போய்விடும்.

‘சூட்டிய அடையாளம்’ என்று வேறொரு நண்பர் சொன்னார். மாலை சூட்டுவது, மகுடம் சூட்டுவது என்று மரியாதை ஒட்டிக்கொண்டு வருகிறது, வேண்டாம்.

நான் முன்வைப்பது ஏற்றடையாளம். ‘அவன் மேல் ஏற்றிச் சொல்கிறான்’ என்கிறோமே, அந்த ஏற்று. ஏற்றுக்கொள்வதும் அதற்குள் கேட்கிறது.

> ஐயா, வினைத்தொகையாகப் பிரித்தால் சுமத்துகிற பொருள் மட்டும்தான் வரும். ‘ஏற்றுக்கொண்ட’ என்ற பொருளுக்கு இலக்கணம் இடம் தராது. அதோடு, படிப்பவர் அதை ‘ஒப்புக்கொண்ட அடையாளம்’ என்று எடுத்துக்கொண்டால் சுமத்தியவர்கள் தப்பித்துவிடுவார்களே?

அம்மா, இலக்கணத்தில் நீங்கள் சொல்வது சரி, அதனால்தான் எனக்கு இந்தச் சொல் பிடிக்கிறது. முதல் பொருள் சுமத்துவது என்றே நிற்கட்டும். ஏற்பது காதில் விழும் துணைப் பொருளாக இருந்தால் போதும். ஏற்றியவர் யார் என்பது மறையக்கூடாது என்ற உங்கள் கவலை எனக்கும் உண்டு, ஏனென்றால் ஏற்றியவர்களே பின்னால் திருத்தவும் செய்தார்கள். மோர்மன் நூலின் 1981 பதிப்பின் முன்னுரை, லாமானியர்களே அமெரிக்க இந்தியரின் முதன்மை மூதாதையர் என்றது. முதற்குடிகளின் வேர் பெருமளவு ஆசியாவில் என்று மரபணு ஆய்வுகள் காட்டிய பிறகு, 2006-இல் அந்த வரி ‘மூதாதையருள் சிலர்’ என்று மாறிப்போனது. அச்சில் திருத்த ஓரிரு சொல் போதும். ஆனால் லாமானியர் என்ற பெருமையோடு ஐம்பது ஆண்டு சபையில் இருந்த ஒரு நவஹோ பாட்டி, இனி தன்னை யாரென்று சொல்லிக்கொள்வார்? அந்தப் பகுதியில் இந்தச் சொல் எனக்குக் கட்டாயம் வேண்டும்.

ஆகவே இப்படிப் பிரிக்கிறேன்: தங்கவைப்புத் திட்டம் போன்ற செயல்களுக்குத் ‘திணிப்பு’, அந்த மக்கள் ஆண்டாண்டாக வாழ்ந்த லாமானிய நிலைக்கு ‘ஏற்றடையாளம்’. முதல் தடவை வரும்போது ‘பிறர் ஏற்றிய அடையாளம்’ என்று விரித்து எழுதிவிடுகிறேன், உங்கள் ஐயமும் தீரும்.

இன்னொன்று பாக்கி. ஒரு மக்களைத் தனி இனமாக முத்திரை குத்துவதைக் குறிக்கும் ‘ரேஷியலைசேஷன்’ என்பதற்கு ‘இனமயமாக்கம்’ என்று போட்டிருக்கிறேன். தமிழில் இனம் என்றால் மொழியினமும் வந்துவிடுகிறது, இங்கே பேச்சு முழுக்கத் தோல் நிறத்தைப் பற்றியது. ‘நிறவினமாக்கம்’ சரிப்படுமா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் மெய்ப்பில் சேர்த்துவிடுவேன்.